மூன்று கிண்ணம் தண்ணீர்

அன்பு மகள் வக்கீலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல்.

போனை எடுத்தால் பேசிவிடலாமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே? நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், பத்தாவதுக்கு அழுதுவிடுவாய், அப்புறம் நான் உன்னைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். மூன்று வயதிலேயே உன் அப்பா உனக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. படித்தது பல் வைத்தியம், வாய் மட்டும் வக்கீல் வாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் சில்லறைச் செய்திகள். முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய களிம்பு வாசனையாக இருக்கிறது, ஆனால் வலிக்கு எதிர்க்கடை மருந்துக்காரர் கொடுத்த மாத்திரைதான் கேட்கிறது. தையல்கடையில் வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைக்கு மடிப்பு இறக்க, இடுப்புப் பிடிக்க என்று மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று போன தடவை வந்தபோது கத்தினாயே, அது இன்னும் எரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் காப்பகத்து நிர்வாகி அம்மா போன் செய்தார். தோட்டத்தைப் பார்த்த கீழ்த்தள அறை ஒன்று காலியாகியிருக்கிறதாம். உங்கள் மகள் சரி சொல்லிவிட்டார், நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும், மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்றார். மகள் சரி சொல்லிவிட்டாராம்! என்னிடம் யார் கேட்டது? எனக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைக்க அரை நாள் போயிற்று.

உன் பக்க நியாயம் தெரியாமல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், டாக்டர் இது மறதி நோய் என்று சொன்ன வாரம், உன் அப்பா நம் இருவரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். தலை தெளிவாக இருக்கும்போதே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார். "என்னைக்கு உங்களை எனக்கு அடையாளம் தெரியலையோ, அன்னைக்கே என்னைக் காப்பகத்துல சேர்த்துடணும். உங்கம்மா கிடந்து அல்லாடக் கூடாது. நான் போக மாட்டேன்னு அடம் பிடிப்பேன். அதைக் காதுல வாங்காதீங்க. ஞாபகம் போனா ஆளே போன மாதிரிதான். அங்க நின்னு கத்தறது நான் இல்ல, வேற எவனோ" என்றார். நீ அழுதுகொண்டே கை தூக்கினாய். அவரும் தூக்கினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் முதுகைப் பார்த்து, "உங்கம்மா ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம். ஏகமனதா நிறைவேறிடுச்சு" என்றார். நான் குழாயை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் தீர்மானம் முடிந்து அப்பாவும் மகளும் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இதை வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும். வாழ்நாள் முழுக்க அவர் கல்லூரியில் நடத்திய பாடம் என்ன? ஆளப்படுகிறவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்களை ஆள எவனுக்கும் உரிமை கிடையாது. பிறக்கும்போது மனசு வெள்ளைத்தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது. கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், தெரியும் என்று சொல்லாதே. முந்நூறு வருஷத்துக்கு முந்திய அந்தத் தத்துவக்காரர்கள் நம் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்கள். வருஷா வருஷம் முதல் வகுப்பில் ஒரு வெற்றுத் தாளைத் தூக்கிக் காட்டுவதால் மாணவர்கள் அவருக்கு வெள்ளைத்தாள் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். பாடத்தை முந்தின நாள் மாடியில் நடந்தபடி சத்தமாக ஒத்திகை பார்ப்பார். கீழே மிஷினில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். சம்மதம், சம்மதம் என்று கூரை அதிரும். இந்த வீட்டை வாங்கியபோது என்னைக் கேட்டாரா? உன்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டாரா? போகட்டும், என் கடைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தபோதாவது கேட்டாரா? மஞ்சள் எனக்கு ஆகவே ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. கெட்டவர் இல்லை. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

போன தடவை நீ வந்தபோது நடந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. பெட்டியோடு வாசலில் நின்ற உன்னைப் பார்த்து, "வாங்க, அளவு குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நீ குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாய். ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது அப்பா இல்லம்மா. அப்பா போயிட்டாரு. அவர் சொன்னபடியே செஞ்சுடலாம்" என்றாய். அதற்குப் பதில் இப்போதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி முழக்குகிறேன்.

உன் அப்பா இப்போது எப்படி இருக்கிறார் தெரியுமா? காலையில் எழுந்ததும் எனக்கு வணக்கம் சொல்கிறார். நான் யார் என்று தெரியாது. கடை வைத்திருப்பவள் என்பது மட்டும் பிடிபட்டிருக்கிறது, அதனால் தையற்காரம்மா என்று கூப்பிடுகிறார். "நான் இங்க தங்கறதுல உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்று கேட்கிறார். "இந்த நாற்காலில உட்காரலாமா? ஜன்னலைத் திறந்துக்கட்டுமா?" எல்லாவற்றுக்கும் கேள்வி. நான் "ம்" கொட்டினால் போதாது. வாயைத் திறந்து சரி என்று சொன்னால்தான் உட்காருவார். முதல் வாரம் எனக்கு எரிச்சலான எரிச்சல். அப்புறம் சிரிப்பு வந்தது. இப்போது, பெற்ற மகளிடம் எழுத வெட்கமாக இருக்கிறது, அவர் எழுந்து வந்து கேட்பதற்கு முன்னால் தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் எங்கே என்று விசாரித்தார். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். எப்படிப்பட்டவர் என்றார். "நல்லவர்தான். ஆனா எதையும் என்னைக் கேட்டுச் செய்ய மாட்டார்" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "அதெப்படிங்க? கூட வாழற மனுஷியக் கேட்காம எப்படி? அவர் வரட்டும், நான் பேசறேன்" என்று மேசையைத் தட்டினார். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. அவர் குளிப்பதற்கு வெந்நீர் விளாவி வைத்தேன். கை வைத்துப் பார்த்துச் சுடுகிறது என்றார். நானும் கை வைத்துப் பார்த்தேன், ஆறித்தான் இருக்கிறது என்றேன். உடனே அவர் முகத்தில் ஒரு களை. இடுப்புத் துண்டோடு சமையலறைக்கு வந்து மூன்று கிண்ணம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஒன்றில் சூடான தண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், நடுவில் இருந்ததில் வெதுவெதுப்பாக. என் இடது கையைச் சூட்டிலும் வலது கையைக் குளிரிலும் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னார். பிறகு இரண்டையும் ஒரே சமயத்தில் நடுக்கிண்ணத்தில் வைக்கச் சொன்னார். "நான் சொல்றத நம்பாதீங்க. உங்க கை என்ன சொல்லுது, அதைச் சொல்லுங்க" என்றார். சூட்டிலிருந்து வந்த கைக்குத் தண்ணீர் சில்லென்று இருந்தது. குளிரிலிருந்து வந்த கைக்குச் சுட்டது. ஒரே கிண்ணம், ஒரே தண்ணீர்! அப்படியானால் தண்ணீர் சூடா, குளிரா என்று கேட்டேன். "அது தண்ணில இல்லம்மா. உங்க கை எங்கேருந்து வருதோ, அதைப் பொறுத்தது" என்றார். எத்தனையோ வருஷம் எத்தனையோ மாணவர்கள் கையை நனைத்த பாடம், என் கை அன்றைக்குத்தான் நனைந்தது. துண்டு நழுவுகிறது என்று நான் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவர் எப்படிப்பட்ட அப்பா! தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரிவரை போவார். நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார், உன்னோடு மல்லுக்கு நின்றார், தோற்றுப்போன மாதிரி நடித்தார். உன் கை அந்தச் சூட்டிலிருந்து வருகிறது. அதனால் இப்போது தொட்டால் உனக்குச் சில்லென்று இருக்கிறது, அப்பா இல்லை என்கிறாய். என் கை வேறு கிண்ணத்திலிருந்து வருகிறது, கண்ணு. எனக்கு இவர் சூடாகத்தான் இருக்கிறார். நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை.

இப்போது கடையில் எனக்கு ஒத்தாசையும் செய்கிறார். பழைய தையலைப் பிரித்துக் கொடுப்பார். கை நடுங்குவதில்லை, துணியில் ஒரு கீறல் விழாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் கத்தரி வைப்பார். நான்கு நாளைக்கு முன்னால் ஒரு கோட்டைக் கையில் எடுத்து, "இதைப் பிரிக்கலாமா?" என்று கேட்டார் போலிருக்கிறது. மிஷின் ஓடுகிற சத்தம், நான் கவனிக்கவில்லை. அப்புறம் சீருடைக்கு இருவர் வந்தார்கள், அளவெடுத்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் ஒரு கையில் கோட்டும் ஒரு கையில் கத்தரியுமாக அப்படியே நிற்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்றேன். "கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். எனக்குள் ஏதோ ஒன்று உந்தியது. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்றுதானே அர்த்தம், பிரித்திருக்கலாமே என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சொல்லாதது எப்படிம்மா சரின்னு ஆகும்?" என்றார்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற அதே இடம்.

ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறாயே, வக்கீல், எனக்கு ஒன்று சொல். ஞாபகம் போனால் வேறு ஆள் என்று அவரே சொன்னார். சரி, வேறு ஆள் என்றே வைத்துக்கொள். அப்பன் கொடுத்த சம்மதம் பிள்ளையைக் கட்டாது, ஒவ்வொருவனும் அவனவன் சம்மதத்தை அவனவனேதான் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் மாடியில் நடந்து நடந்து சொன்ன பாடம்தானே? முன்னால் இருந்தவர் கை தூக்கியது பின்னால் வந்தவரை எப்படிக் கட்டும்? இல்லை, அதே ஆள்தான் என்கிறாயா? அதே ஆள் என்றால் மனசை மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லையா? எந்தப் பக்கம் போனாலும் உன் வழக்கு நிற்காது. அதோடு, அன்றைக்கு ஏகமனதாக நிறைவேறவில்லை. என் கை சோப்பு நுரைக்குள் இருந்தது.

அவர் என்மேல் உள்ள கரிசனத்தில்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். நீயும் என்மேல் உள்ள கரிசனத்தில்தான் பேசுகிறாய். நான் ஒன்றும் தியாகி வேஷம் போடவில்லை. சாயங்காலம் ஆனால் அவருக்கு மனம் கலங்கிவிடும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைப் பிடித்து இழுப்பார். ஒரு தடவை வெளியே போயே விட்டார். மருந்துக்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். போன மாதம் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோனார். பொறுக்க முடியாமல் நானும் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு, அவர் பயந்து மூலையில் ஒதுங்கியதைப் பார்த்து என்னையே நொந்துகொண்டிருக்கிறேன். உன் பயம் வீண் பயம் இல்லை.

அதனால் வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பார்க்காமல் சொல்லாதே என்பதும் அவர் பாடம்தானே. இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நேற்று அவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரை பளிச்சென்று இருக்கிறது, கட்டில் தாழ்வாக இருக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்கள். நிர்வாகி அம்மா பொறுமைசாலி. என்னிடம் பேசாமல் நேராக அவரிடமே, "ஐயா, இந்த ரூம் பிடிச்சிருக்கா? இங்க தங்கிக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். நல்ல அறை, வெளிச்சம் இருக்கிறது என்றார். சரி என்று சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு மறுப்பேன்? இத்தனையும் எழுதிவிட்டு அவர் சம்மதத்தை நானே தட்ட முடியுமா?

ஜன்னலை விட்டு நகர்ந்து, "ஆனா நான் இப்போ இந்தத் தையற்காரம்மா வீட்டுல இருக்கேன். அவங்களைக் கேட்காம நான் எப்படிச் சொல்றது?" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்டுலயே இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படவில்லை. நான் பேசாமல் நின்றால் இந்த மனிதர் அன்றைக்குக் கோட்டும் கத்தரியுமாக நின்ற மாதிரி பொழுது சாயும்வரை நிற்பார் என்று தெரியும். அதனால் வாயைத் திறந்து, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக, சம்மதம் என்று சொன்னேன். என் கல்யாணத்தில்கூட அந்த வார்த்தையை என்னிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. நிர்வாகி அம்மா அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது சாகும்வரைக்குமான வாக்கு இல்லை, கண்ணு. காலையில் அவர் கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன், அன்றன்றைக்கு அவ்வளவுதான். ஒருநாள் என்னால் முடியாது என்று நானே சொல்லலாம். அப்போது நீ வேறு அறை தேடு, நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். அதுவரை எனக்காக நீ முடிவெடுக்காதே. பகலில் துணைக்கு ஒரு நர்ஸ் வைக்கலாம் என்று நீ சொன்னாயே, அதற்குச் சம்மதம். வாசல் கதவுக்கு உள்பூட்டு, அதற்கும் சம்மதம். நீ லீவு போட்டு ஒரு மாதம் வந்து என்னோடு இருக்க வேண்டும், இது நான் உன்னைக் கேட்பது.

வரும்போது வாசலில் நின்று, என்னைத் தெரியவில்லையா அப்பா என்று கேட்காதே. தெரியாது. அந்தக் கேள்வி அவரையும் வாட்டும், உன்னையும் வாட்டும். உன் பெயரைச் சொல், உள்ளே வரலாமா என்று கேள். கேட்டு வருகிற யாரையும் அவர் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. கொஞ்ச நாள் இந்த வீட்டுத் தண்ணீரில் கையை வைத்திரு. உன் கைக்கும் சூடு தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலும் போகலாம், அதற்காக நான் உன்னைக் கோபிக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருப்பேன். நீ ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வீட்டில் இப்போது அந்த வழக்கம் இல்லை.

உன் பிரியமுள்ள
அம்மா